படையலும் பங்கும்

இறைவனுக்குப் படைத்த சோறு குறைவதில்லை. இலையில் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. அப்படியானால் படைப்பது எதற்கு? கோயிலுக்கு வெளியே நின்று இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பலர். ஆனால் அதை மிகக் கறாராகக் கேட்டவர்கள், வேதத்தை உயிராகக் கொண்டிருந்த மீமாம்சகர்கள்தான். ஜைமினியின் சூத்திரங்களுக்கு உரை செய்த சபரர், ஒன்பதாம் அத்தியாயத்தில் இதை எடுத்துக்கொண்டு நெடுக வாதாடுகிறார். தேவதைக்கு உடம்பு கிடையாது, அது உண்பதும் கிடையாது என்பது அவர் கட்சி. தேனீ பூவைச் சிதைக்காமல் தேனை மட்டும் எடுப்பதுபோல் தேவதை சாரத்தை எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் படைத்த உணவு சுவை குன்றுகிறது என்று எதிர்க்கட்சி சொல்லிப் பார்க்கிறது. காற்றுப் பட்டு ஆறிப்போனதால் சுவை குன்றியது, அவ்வளவுதான் என்று சபரர் அதைத் தள்ளிவிடுகிறார்.

இப்படிச் சொன்னவர் வேள்வியை விட்டுவிடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேவதை மகிழ்ந்து பலன் தருவதாக நினைக்காதே. விதித்த செயலை விதித்தபடி செய், அந்தச் செயலிலிருந்து பிறக்கும் 'அபூர்வம்' என்ற கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் பலனைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது அவர்கள் கொள்கை. இந்து மரபுக்குள்ளேயே இத்தனை பழைய ஐயம் ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். படையலின் பொருளைப் பேசும்போது எதையும் மறைக்கத் தேவையில்லை; மூத்தவர்கள் எல்லாவற்றையும் முன்பே பேசிவிட்டார்கள்.

ஆகமங்கள் வேறு வழியில் போயின. அங்கே இறைவன் திருவுருவத்தில் எழுந்தருளியிருக்கிறான். அவனை எழுப்பி, நீராட்டி, உடுத்தி, உண்பித்து, உறங்கவைக்க வேண்டும். விருந்தாளிக்கும் அரசனுக்கும் செய்யும் பதினாறு உபசாரங்களில் உணவு படைப்பதும் ஒன்று. கீதையோ இரண்டு இடங்களில் இரண்டு கதவுகளைத் திறக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் இலை, பூ, பழம், நீர் எதுவானாலும் அன்போடு தந்தால் ஏற்பேன் என்கிறான் கண்ணன். மூன்றாம் அத்தியாயத்தில் வேள்வியின் மிச்சத்தை உண்பவர்கள் பாவம் நீங்குகிறார்கள், தனக்காக மட்டும் சமைப்பவர்கள் பாவத்தையே உண்கிறார்கள் என்கிறான். முதலாவதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். இரண்டாவதுதான் என் பார்வையில் படையலின் உயிர்நிலை. கொடுப்பது பாதிதான், கொடுத்தது யார் யார் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மறுபாதி. தமிழ்நாட்டின் பாட்டும் கல்வெட்டும் மடைப்பள்ளியும் குலதெய்வக் கோயிலும் இந்த மறுபாதியைப் பற்றித்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன.

சங்கப் பாட்டில் படையல் ஏற்கும் தெய்வங்களில் முதன்மையானது நடுகல். போரில் யானையைச் சாய்த்து விழுந்தவனின் கல்லைத் தவிர, நெல் தூவி வணங்க வேறு தெய்வம் எங்களுக்கில்லை என்று சொல்லும் புறப்பாட்டு ஒன்று உண்டு (335). அகநானூற்று நடுகற்கள் மயிற்பீலி சூடி, துடி முழங்க, நெல்லில் வடித்த கள்ளையும் ஆட்டுப் பலியையும் ஏற்கின்றன. அதியமான் மாண்டபின் அவன் கல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை வைக்கிறார்கள். மலையோடு நாட்டையே தந்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று ஔவையார் அழுகிறார் (புறம் 232). சபரரின் ஐயமும் ஔவையாரின் அழுகையும் ஒரே இடத்தைத் தொடுகின்றன: வைத்ததை ஏற்பவர் அங்கே இருக்கிறாரா? ஒருவர் தருக்கத்தால் தொட்டார். மற்றவர் இழப்பால் தொட்டார். அப்படிக் கேட்டபோதும் ஊரார் கலத்தை வைக்காமல் போகவில்லை. இறந்தவர்க்கு இலை போடும் எந்த வீட்டிலும் இன்றைக்கும் இதே மனநிலைதான்.

திருமுருகாற்றுப்படையில் முருகனுக்குத் தினையும் பூவும், கிடாயின் குருதி கலந்த வெள்ளரிசியும் படைக்கப்படுகின்றன. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துக் காவல் பூதத்துக்கு மறக்குடிப் பெண்கள் புழுக்கிய பயறும் எள்ளுருண்டையும் ஊன்சோறும் பொங்கலும் படைத்து ஆடுகிறார்கள். குறிஞ்சியில் தினை, முல்லையில் பால், மருதத்தில் நெல். நிலம் எதைத் தந்ததோ அதுவே தெய்வத்துக்கும். வள்ளுவர் இதன் அடித்தளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: மழை பொய்த்தால் தேவர்க்கும் விழாவில்லை, பூசையில்லை. மனிதன் தெய்வத்துக்கு ஊட்டுகிறான் என்றால், மனிதனுக்கு வானம் ஊட்டியிருக்க வேண்டும். அதே வள்ளுவர் நெய் சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமை நல்லது என்றும் சொல்கிறார். அந்த வழக்கு இன்றும் முடியவில்லை. பின்னால் அதற்கு வருகிறேன்.

பக்தி இலக்கியம் படையலைச் சட்டத்திலிருந்து விடுவித்தது. காளத்தியில் கண்ணப்பர் வாயில் கொண்டுவந்த நீரால் நீராட்டி, தலையில் செருகிவந்த பூவைச் சூட்டி, தாமே சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைக்கிறார். ஆகமம் அறிந்த சிவகோசரியார் அதைக் கண்டு பதறுகிறார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு இதைவிட நெருக்கமானது அரிவாட்டாய நாயனாரின் கதை. சோழநாட்டுக் கணமங்கலத்தில் தாயனார் என்ற வேளாளர், நாள்தோறும் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் இறைவனுக்குப் படைத்து வந்தார். செல்வம் கரைந்தது. கூலிக்கு நெல் அறுக்கப் போனார். கூலியாகக் கிடைத்த செந்நெல் இறைவனுக்கு, கார்நெல் தனக்கு என்று பிரித்து வைத்தார். பிறகு கூலி முழுவதும் செந்நெல்லாகவே கிடைக்கத் தொடங்கியது. எல்லாம் இறைவனுக்கே போயிற்று. வீட்டுக்காரம்மாள் கொல்லைக் கீரையை ஆக்கிப் போட்டார். கீரையும் தீர்ந்தபின் தண்ணீர்தான்.

ஒருநாள் கூடையைச் சுமந்து வயல்வரப்பில் போனவர் பசியில் தள்ளாடி விழுந்தார். அரிசியும் கீரையும் மாவடுவும் நிலவெடிப்புக்குள் சிந்திவிட்டன. இனி எதைப் படைப்பேன் என்று அரிவாளைக் கழுத்தில் வைத்தபோது வெடிப்புக்குள்ளிருந்து ஒரு கை வந்து தடுத்தது. கூடவே மாவடுவைக் கடிக்கும் ஓசை 'விடேல்' என்று கேட்டது. சேக்கிழார் இறைவனின் முகத்தைக் காட்டுவதற்கு முன் கடிக்கும் சத்தத்தைக் கேட்க வைக்கிறார். படைத்தது ஏற்கப்பட்டதா என்ற கேள்விக்குத் தமிழ் சொன்ன பதில்களில் இவ்வளவு துணிச்சலானது வேறில்லை. இந்தக் கதையில் படையல் ஏற்கப்பட்ட இடம் கருவறை அல்ல, உழவுநிலத்தின் வெடிப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வைணவத்தில் இதற்கு இணையான ஒன்று உண்டு. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். வாயால் நேர்ந்தாள், கையால் கொடுக்க வாய்க்கவில்லை. பின்னொரு காலத்தில் இராமாநுசர் அழகர் கோயிலில் அந்த நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, ஆண்டாள் அவரை 'அண்ணா' என்றழைத்து எதிர்கொண்டதாகக் குருபரம்பரை சொல்லும். மார்கழி இருபத்தேழாம் நாள் கூடாரவல்லிக்கு வீட்டுக்கு வீடு அக்காரவடிசில் கிளறப்படுவது இந்தத் தொடர்ச்சியில்தான். ஒருவர் வேண்டியதை இன்னொருவர் செலுத்தலாம், தலைமுறை தாண்டியும் செலுத்தலாம் என்ற எண்ணம் நேர்த்திக்கடன் என்பதைத் தனிப்பட்ட பேரத்திலிருந்து மேலே தூக்கிவிடுகிறது.

கோயிலுக்குள் இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மடைப்பள்ளியில் சமைப்பவர் ருசி பார்க்கக் கூடாது. வாசனையை நுகர்வதும் ஆகாது. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு சமைப்பவர்கள் உண்டு. உப்பும் புளியும் கை அளவிலேயே நிற்க வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாடு சமையல்காரரை எப்படிப் பழக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாவின் முதல் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு, முழுக்கவனத்தையும் கையிலும் கண்ணிலும் வைக்கிற பயிற்சி அது. தளிகை என்ற படையல் உணவு வந்ததும் திரை போடுவார்கள். அர்ச்சகர் நீர் தெளித்து, மணியடித்து, பிராணன் முதலான ஐந்து வாயுக்களையும் சொல்லிக் கைமுத்திரையால் ஊட்டுவார். பிறகு நீர், தாம்பூலம். திரை விலகும்போது அமுது பிரசாதமாகியிருக்கும். பார்க்கப்போனால் சமையலில் எந்த மாற்றமும் இல்லை. உரிமையில்தான் மாற்றம். இது நான் சமைத்தது, எனக்கு வேண்டியது என்ற பிடி அந்தத் திரைக்குப் பின்னால் கழற்றப்படுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் இது இன்னும் வெளிப்படையாக நிகழ்கிறது. மாணிக்கவாசகரோடு பிணைந்த திருப்பெருந்துறை அது. கருவறையில் இலிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டும்தான். கோயில்களில் பச்சரிசியே வழக்கம் என்றிருக்க, இங்கே புழுங்கலரிசிச் சோறு. கூடவே கீரையும் பாகற்காயும். வடித்த சோற்றைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து சந்நிதிக்கு முன்னால் உள்ள படைகல்லில் பரப்புகிறார்கள். ஆவி எழுந்து உள்ளே போகிறது. அந்த ஆவிதான் நிவேதனம். உருவில்லாதவனுக்கு உருவில்லாத உணவு; கல்லின்மேல் கிடக்கும் சோறு மனிதர்களுக்கு. சபரர் இதைப் பார்த்திருந்தால் தேனீ வாதத்தின் மறுபிறப்பு என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கல்லருகே நின்று பார்ப்பவருக்கு, எதை விடுகிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்ற கணக்கு அப்பட்டமாகத் தெரியும்.

ஒவ்வொரு ஊர்த் தளிகைக்கும் ஒரு தனிக் குணம். காஞ்சி வரதராசர் கோயில் இட்டிலி மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வெந்து, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க வரும். அழகர்கோயிலில் தோசை. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்காக ரொட்டியும் வெண்ணெயும். முசுலிம் பெண்ணொருத்தியின் பக்தியைக் கோயில் தன் அன்றாட உணவிலேயே நினைவில் வைத்திருக்கிறது. ஒப்பிலியப்பனுக்கு உப்பில்லாத் தளிகை. திருக்கண்ணபுரத்தில் முனையதரையர் என்ற அன்பர் பெயராலேயே ஒரு பொங்கல். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு மலை விருப்பாட்சி வாழைப்பழம் வேண்டும். 2019இல் அது புவிசார் குறியீடு பெற்றது. திருப்பதி லட்டு 2009லேயே பெற்றுவிட்டது. குறியீடு வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வாழையைப் பயிரிடும் மலைவிவசாயி பிழைத்தால்தான் குறியீட்டுக்குப் பொருள்.

பயன்களைப் பற்றிப் பேசும்போது இப்போதெல்லாம் அறிவியலை இழுத்துவருவது வழக்கமாகிவிட்டது. துளசியில் இன்ன சத்து, செம்பில் இன்ன குணம், மணியோசையில் இன்ன அதிர்வு என்று பட்டியல் போடுகிறார்கள். மிளகும் சுக்கும் செரிமானத்துக்கு நல்லவை என்பது பாட்டிமார் அறிந்ததே, மறுக்கவில்லை. ஆனால் அதற்காகவா காஞ்சியில் இட்டிலி படைத்தார்கள்? சத்துக்காகப் படைப்பதென்றால் சத்து மாத்திரை வந்த நாளில் படையல் நின்றிருக்க வேண்டும். இன்ன தெய்வத்துக்கு இன்ன பண்டம் வைத்தால் இன்ன காரியம் கைகூடும் என்ற அட்டவணைகளும் அப்படித்தான். நேர்ந்துகொள்வதில் இருக்கும் மனித ஆவலை நான் மதிக்கிறேன். நோயுற்ற பிள்ளைக்காகப் பொங்கல் வைக்கிற தாயின் நம்பிக்கை பெரியது. அவளுக்கு விலைப்பட்டியல் நீட்டுகிறவர்களை மதிக்க முடியவில்லை. உணவை முதலில் தனக்கு எடுத்துக்கொள்ளாத பழக்கம், கிடைத்ததற்கு நன்றி சொல்லும் ஒரு கணம், வந்தவருக்குக் கொடுக்கும் கை: வீட்டில் வளரும் பிள்ளைக்குப் படையல் தரக்கூடியவை இவை. இவற்றுக்கு ஆய்வகச் சான்று தேவையில்லை.

சைவத்தில் ஒரு நுட்பமான கட்டுப்பாடு உண்டு. சிவலிங்கத்துக்குச் சாத்தியதும் படைத்ததும் நிர்மாலியம். அது சண்டேசுவரருக்கு உரியது. சேய்ஞலூரில் மணலில் இலிங்கம் செய்து பால் சொரிந்த விசாரசருமர், பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தையின் காலை வெட்டினார். தான் உண்ட பரிகலமும் உடுத்ததும் சூடியதும் உனக்கே என்று இறைவன் அவரைச் சண்டேசுவரர் ஆக்கித் தந்துவிட்டான். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்தில் சிவன் தன் கையாலேயே அவர் தலையில் மாலை சுற்றுவதைக் காணலாம். சிவன் கோயிலில் திருநீறு முதன்மையாகவும், பெருமாள் கோயிலில் தீர்த்தமும் உண்ணும் பிரசாதமும் முதன்மையாகவும் இருப்பதன் பின்னணியில் இதுவும் ஒன்று. சிவன் சொத்து குலநாசம் என்ற பழமொழி அச்சமூட்டுவதற்குச் சொன்னது போலத் தோன்றும். பொதுவுக்கென்று கொடுத்ததில் தனியார் கை வைக்கக் கூடாது என்ற பழைய அறம் அதற்குள் இருக்கிறது. ஆயினும் அதே சிவனுக்கு ஐப்பசிப் பௌர்ணமியில் அன்னாபிடேகம் நடக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தின் பெரிய இலிங்கம் மூட்டை மூட்டையாக வடித்த சோற்றில் மறைகிறது. பின்னர் அந்தச் சோறு அடியார்களுக்கும், மிச்சம் நீர்நிலையில் மீன்களுக்கும் போகிறது.

கல்வெட்டுகளுக்கு வந்தால் படையலின் இன்னொரு முகம் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலில் பிள்ளையார் கணபதியாருக்கு நாள்தோறும் நூற்றைம்பது வாழைப்பழம் படைக்க இராசராசன் 360 காசு வைத்தான். முதலை வணிகர்களிடம் கொடுத்தார்கள். காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அப்படி வரும் 45 காசுக்கு, காசுக்கு 1,200 பழம் வீதம், 54,000 பழம். முந்நூற்றறுபது நாளைக்கு வகுத்தால் நாளுக்கு நூற்றைம்பது, ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. பக்தி என்பதை இவ்வளவு துல்லியமாகக் கணக்கில் வைத்துக் கல்லில் வெட்டிய மனம் எனக்கு வியப்பூட்டுகிறது. நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடு. இடையர் அவற்றைப் பெற்று நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை பெருகினாலும் குறைந்தாலும் கணக்கு தொண்ணூற்றாறுதான், அதனால் அவை 'சாவா மூவாப் பேராடு'. முதலைத் தின்னாமல் விளைவை மட்டும் படைக்கும் முறை இது. வாழைத்தோட்டக்காரர், இடையர், குயவர், வெற்றிலைக்காரர், அரிசி குத்தும் பெண்கள் என்று ஒரு வட்டாரமே அந்தத் தளிகையின்மேல் வாழ்ந்தது.

திருமலைக் கல்வெட்டுகளில் இதைவிடச் சுவையான ஒரு செய்தி. விசயநகரக் காலத்தில் அரசர்களும் அதிகாரிகளும் வணிகர்களும் கொடுத்த பணத்தைக் கோயில், தன் ஊர்களில் ஏரி குளம் வாய்க்கால் வெட்டுவதில் போட்டது. கூடுதலாக விளைந்த நெல்லில் திருப்போனகமும் அப்பமும் அதிரசமும் சுகியனும் படைக்கப்பட்டன. படைத்ததில் நாலில் ஒரு பங்கு கட்டளை வைத்தவருக்கு, அதாவது பணம் கொடுத்தவருக்கு. அதன் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. கட்டளைக்காரர் பலர் அந்தப் பங்கையும் வழிப்போக்கர் உண்ணும் இராமாநுசகூடங்களுக்கு எழுதிவைத்தார்கள். பணம் நீரானது, நீர் நெல்லானது, நெல் அமுதானது, அமுது மறுபடி மனிதரிடம் வந்தது. தெய்வத்துக்கு முன்னால் அது வைக்கப்பட்ட நேரம் சில நாழிகைதான்.

ஊர்த்தெய்வங்களின் முன்னால் முறை வேறு, தத்துவம் அதுவே. ஆடி மாதம் விதைப்பு நடக்கும், குதிரில் தானியம் தீர்ந்திருக்கும். அந்த மாதத்தில்தான் மாரியம்மனுக்குக் கூழ். வீட்டுக்கு வீடு கேழ்வரகோ கம்போ வாங்கி, அண்டாவில் காய்ச்சி, முருங்கைக்கீரையோ கருவாட்டுக் குழம்போ தொட்டுக்கொள்ள ஊருக்கே ஊற்றுகிறார்கள். பசி மிகுந்த மாதத்தில் பசிக்கு மருந்தான உணவு அம்மன் பேரில் வருகிறது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் கிடாயும் சாராயமும் சுருட்டும். குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடி, வரி போட்டு, கிடா வெட்டி, தலையும் தொடையும் யாருக்கு என்பதை முறைப்படி பிரிப்பார்கள். ஆண்டு முழுவதும் பேசாத அண்ணன் தம்பி அன்றைக்கு ஒரே பந்தியில் உட்காருவதை எத்தனையோ குடும்பங்கள் அறியும்.

இங்கேதான் வள்ளுவரின் வழக்கு திரும்ப வருகிறது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950லேயே தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டில் கிடந்தது. 2003 ஆகஸ்டில் அரசு அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்தது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. இறைச்சிக் கடையில் நாளும் நடப்பதை விட்டுவிட்டு, ஆண்டுக்கொருமுறை ஏழைகள் தம் தெய்வத்துக்குச் செய்வதை மட்டும் குற்றமாக்கியது சரியில்லை என்பதே என் கருத்து. அதேசமயம் உயிர்க்கொலைக்கு எதிரான குரல் வெளியிலிருந்து வந்தது அல்ல. வள்ளுவர் தொடங்கி வள்ளலார் வரை அது இந்த மண்ணின் குரல்தான். பல ஊர்களில் கிடாய்க்குப் பதில் பூசணியில் குங்குமம் தடவி வெட்டுகிறார்கள். அதைச் செய்தவர்கள் சட்டத்துக்குப் பயந்து செய்யவில்லை. மனம் மாறிச் செய்தார்கள். அந்த மாற்றம் அந்தந்த ஊருக்குள்ளிருந்தே வரட்டும்.

பங்கு என்று இத்தனை முறை சொன்னபிறகு, பங்கு மறுக்கப்பட்டவர்களைப் பேசாமல் போவது நேர்மையாகாது. அமுதுபடிக்கு நெல் விளைத்தவரே அந்த அமுது வைக்கப்பட்ட வாசலுக்குள் வர முடியாத நிலை பல நூற்றாண்டு நீடித்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதையர் தலைமையில் கக்கனும் மற்றவர்களும் நுழைந்தது, வழிபாட்டு உரிமைக்கு மட்டுமான நுழைவு என்று நான் பார்க்கவில்லை; பிரசாதத்தில் பங்கு கேட்ட நுழைவும்கூட. சந்நிதியில் ஒன்றாக நின்றவர்களைப் பந்தியில் பிரித்த வழக்கம் அதற்குப் பிறகும் இருந்தது. சில ஊர்த் திருவிழாக்களில் ஒரு சாராரிடம் வரிகூட வாங்காமல் விலக்கிவைக்கும் கொடுமை இன்றும் நடக்கிறது. வரி வாங்கவில்லை என்றால் படையலில் உனக்குப் பங்கில்லை என்று பொருள். இலை நிறையப் படைத்தாலும் அந்த ஊரின் படையல் குறைப்படையல்தான். பூரி சகந்நாதர் கோயிலில் மண்பானையில் வேகும் மகாபிரசாதத்தைச் சாதி பாராமல் ஒரே இலையில் உண்ணலாம் என்ற வழக்கம் பெருமையோடு பேசப்படுகிறது. அந்தப் பெருமை எல்லாக் கோயிலுக்கும் உரியதாக வேண்டும்.

திருமூலர் இதை வெகுகாலம் முன்பே நேராகச் சொல்லிவிட்டார். கோயிலில் படமாக இருக்கும் இறைவனுக்குக் கொடுத்தால் அது நடமாடும் கோயிலான அடியாருக்குப் போய்ச் சேராது; நடமாடும் கோயிலுக்குக் கொடுத்தால் அது இறைவனுக்கும் சேரும். வள்ளலார் அதன் எல்லைவரை போனார். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்து ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 1872இல் எழுப்பிய சத்திய ஞானசபையில் சோதி வழிபாடு மட்டும். சோறு தருமச்சாலையில், பசித்தவருக்கு. படைப்பதையும் பங்கிடுவதையும் இரண்டு கட்டடங்களில் பிரித்துவைத்தவர் அவர். என் மனம் இரண்டையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்க விரும்புகிறது. தெய்வத்தின் முன் வைக்கப்பட்டதால்தான் கொடுப்பவருக்குக் கொடுக்கிறோம் என்ற செருக்கும், வாங்குபவருக்கு வாங்குகிறோம் என்ற கூச்சமும் இல்லாமல் போகின்றன. பிரசாதத்துக்குக் கை நீட்டும்போது யாரும் இரவலர் இல்லை.

வீட்டுப் படையலில் இது இன்னும் எளிமையாக நடக்கிறது. அமாவாசையன்று நுனியிலை போட்டு, போனவருக்குப் பிடித்த பதார்த்தங்களைச் செய்து வைத்து, சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சநேரம் வெளியே நிற்பார்கள். அப்பாவுக்கு வெள்ளரிக்காய் பச்சடி என்றால் அது இருக்கும். அத்தைக்கு வெற்றிலையோடு புகையிலை என்றால் அதுவும் இருக்கும். காக்கைக்கு வைத்துவிட்டு, அது எடுத்தபின்தான் வீட்டார் உட்காருவார்கள். இறந்தவரின் ருசியைப் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ளும் நாள் அது. ஒளிப்படத்தைவிட அந்தப் பச்சடி நீண்டநாள் நிற்கும்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் விரிந்து, திருவரங்கம், பழனி போன்ற பெரிய கோயில்களில் நாள்முழுதும் சோறு போடுகிறது. படையலின் மறுபாதிக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. இன்னொரு பக்கம், பகிர முடியாத அளவில் பாலும் பழமும் கொட்டப்பட்டு வடிகாலில் போவதைக் காண்கிறோம். கோயில் மரபில் இதற்கு மருந்து உண்டு. படித்தரம் என்று ஒன்று இருக்கிறது: இன்ன வேளைக்கு இன்ன அளவு அரிசி, பருப்பு, நெய், தயிர். அளவில்லாமல் கொட்டுவதை எந்தப் படித்தரமும் கேட்டதில்லை.

ஆனால் கூட்டம் சேராத ஆயிரக்கணக்கான கோயில்களில் சிக்கல் நேர்மாறானது. அங்கே ஒரு பிடி சோறு படைக்கவே வழியில்லை. கட்டளைக்கு விட்ட நிலங்களின் குத்தகை வருவதில்லை, அல்லது எப்போதோ நிர்ணயித்த தொகையில் நின்றுவிட்டது. அரசின் ஒருகாலப் பூசைத் திட்டத்தில் வைப்புநிதி வைத்து, வட்டியில் அன்றாடப் பூசையை ஓட்டுகிறார்கள். நோக்கம் நல்லது, வட்டி போதவில்லை. அர்ச்சகர் தம் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சோற்றைத் துணியில் மூடிக்கொண்டுவந்து படைத்துவிட்டுப் போகும் ஊர்கள் பல. இந்தக் கோயில்களுக்கு எந்தக் கட்டளை எந்த நிலத்தின்மேல் வைக்கப்பட்டது, அதன் வரவு எவ்வளவு, படித்தரம் என்ன, அதில் எது நின்றுபோயிற்று என்று எழுதிக் கோயில் வாசலில் வைத்தாலே பாதி வேலை முடியும். ஊராருக்குத் தெரிந்தால் கேட்பார்கள். கேட்டால் குத்தகை வரும். வந்தால் அடுப்பு எரியும். இது புதிய யோசனை ஒன்றுமில்லை. நூற்றைம்பது வாழைப்பழத்தின் கணக்கைத் தஞ்சையில் எல்லாரும் பார்க்கும் சுவரில்தான் வெட்டிவைத்தார்கள்.